மேனேஜருக்குத் தெரியாத சாமி அறை

போன வாரம் ஒருநாள் காலையில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கவிதாவிடமிருந்து போன் வந்தது. சுங்கை பட்டாணியில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த படக் கடையில், போன வருஷம் நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். நல்ல பிள்ளை. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

“அக்கா, சாப்டாச்சா? ஒரு சின்ன டவுட்டு. கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்திருக்கு. சாமான் எல்லாத்தையும் இன்ஸ்டால் மேனேஜர்ல ஏத்திட்டேன், அரை நாள்ல முடிஞ்சிச்சி. ஆனா பழைய மெஷின்ல ‘சாமி’ன்னு ஒரு ஃபோல்டர் கிடக்கு. மேனேஜர் லிஸ்ட்ல அது இல்லவே இல்ல. யாரு போட்டாங்கன்னும் தெரியல. டிலிட் பண்ணிடவா?”

புளிக் கையோடு நின்றுவிட்டேன். “ஒண்ணும் பண்ணாத. கைய எடு. அரை மணி நேரத்துல நானே கூப்பிடுறேன்” என்றேன்.

“சரிக்கா, டென்ஷன் ஆவாதீங்க லா. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அதான் மேனேஜர் இருக்கே, இத ஏன் கையால போட்டீங்க?”

நியாயமான கேள்விதான். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்பவர்கள். வீடமைப்புக் கம்பெனிக்கு இன்னும் கட்டாத வீட்டைக் கட்டிக் காட்டுவோம். திருவிழாப் பேனருக்கு அம்மனை நிறுத்துவோம். இதில் ஓர் ஆளை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. முதலில் வரும் உருவம் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை மாதிரி மொட்டையாக, ஒன்றும் உடுத்தாமல் வரும். முடி தனியாக வாங்க வேண்டும், சேலை தனி, வளையல் தனி, நிற்கிற தரை கூடத் தனி. எந்த நாட்டிலோ யாரோ செய்து இணையத்தில் விற்பார்கள். நாம் வாங்கினால் ஒரு ஜிப் மூட்டையாக வந்து இறங்கும். அதைப் பிரித்து, கம்ப்யூட்டரில் அதற்குரிய இடத்தில் வைத்தால்தான் வேலைக்கு ஆகும். அந்த வைக்கிற வேலைக்குத்தான் இன்ஸ்டால் என்று பேர்.

வைப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, கையால் வைப்பது. மூட்டையைப் பிரித்து, உள்ளே என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே இருக்கும் அதே பேருள்ள ஃபோல்டரோடு கலந்துவிட வேண்டும். ஒரு படி தள்ளி வைத்தாலும் போச்சு. மெஷினுக்குக் கண் தெரியாது. ஒரு தடவை ஒரு கல்யாணப் பெண்ணின் பின்னலை ஒரே ஒரு ஃபோல்டர் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, இரண்டு நாள் பெண்ணை மொட்டைத் தலையோடு வைத்துக்கொண்டு தேடினேன். இன்னொரு வழி, இன்ஸ்டால் மேனேஜர். அது, இணையத்தில் சாமான் விற்கும் ஒரு பெரிய கடை தருகிற குட்டி மென்பொருள். அந்தக் கடையில் நாம் வாங்கியதையெல்லாம் வரிசையாகக் காட்டும். டிக் போட்டு அமுக்கினால் அதுவே இறக்கி, அதுவே பிரித்து, அதுவே வைத்துவிடும். நாம் கீழே போய்த் தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், மேனேஜர்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. நான் பிறவிச் சோம்பேறி.

கோத்தா கோலா மூடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படிப்பு ஏறாமல், ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டுக்கு எழுத்து அடுக்கப் போய், அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது பயந்து ஓடாமல் நின்ற ஒரே ஆள் நான் என்பதால் அதன் முன்னால் உட்கார வைக்கப்பட்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அச்சகத்தில் கலர் பிரிக்கும் வேலை பார்த்த ஆரோக்கியம் அண்ணன் தனியாகக் கடை போட்டபோது, “லெட்சுமி, நீ வரியா? சம்பளம் அதேதான். ஆனா ஏர்கோன் இருக்கு” என்றார். போய்விட்டேன்.

ஆரோக்கியம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தஞ்சோங் டாவாய்க்காரர், மீனவக் குடும்பம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று சிவப்பு. சர்க்கரை போடாத தேநீரைக் கண்ணாடித் தம்ளரில் வாங்கி, ஆறவிட்டு, பாதி குடித்து, பாதியை ஜன்னல் செடிக்கு ஊற்றுவார். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வார். அதனால் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பதினைந்து வருஷம் எனக்குப் பிடிபடவே இல்லை. பாராட்டு என்பது அவர் வாயில் வராது. வேலை நன்றாக இருந்தால் “சரி” என்பார். இல்லாவிட்டால் “ம்” என்பார்.

மேனேஜர் என்றால் அவருக்கு ஆகாது. “செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குவியா? மூட்டையப் பிரிச்சுப் பாக்காம ஏன் உள்ள விடுற?” என்பார். அவர் கடையில் ஒரு சாமான் கம்ப்யூட்டருக்குள் போவது, சம்பந்தி வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரி. முதலில் மூட்டையைப் பிரித்து மேசை மேல், அதாவது திரை மேல், பரப்ப வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் ரீட்மீ என்ற குறிப்பைத் திறந்து, அவர் காதில் விழும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். செய்தவர் பேர் என்ன, எந்த உருவத்துக்குப் பொருந்தும், எங்கே வைக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் வாசகம் கேட்பது போலக் கேட்பார். அப்புறம் அதை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஃபோல்டர். மூல மூட்டையை ஒரு டிஸ்க்கில் பதித்து அவருடைய அலமாரியில் பூட்டிவிடுவார்.

ரீட்மீயில் பேர் இல்லாவிட்டால் கதை முடிந்தது. “செஞ்சவன் பேரு இல்லாத சரக்க என் கடையில ஏத்தாத. நாளைக்குக் கெட்டுப்போனா யாரக் கேப்ப?” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு நாள் ஆசையாக வாங்கிய குத்துவிளக்கு அப்படித்தான் குப்பைக்குப் போனது. எனக்கு ரீட்மீ என்றாலே கொட்டாவி வரும். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் படிப்பேன். நிற்காவிட்டால் படித்ததே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாமி அறைக்கு வருகிறேன். நாம் வாங்கும் சாமான் எல்லாம் ஒரே குவியலில்தான் போய் விழும். பிணம் தின்னும் பேய், நீச்சல் உடை, துப்பாக்கி, ஓநாய், எல்லாம் அடுத்தடுத்து. கோயில் வேலைகள் வர ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டிலும் இந்தோனேசியாவிலும் தனித்தனியாகச் செய்து விற்பவர்களிடம் கிரீடம், ஒட்டியாணம், மாலை, பட்டுச் சேலை என்று வாங்கினேன். வைக்கப் போனால், அம்மன் சேலைக்குப் பக்கத்தில் நீச்சல் உடை. எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு டிரைவில் ‘சாமி’ என்று தனி ஃபோல்டர் போட்டு, அதையெல்லாம் அங்கே வைத்தேன். “அங்கேயும் தேடு” என்று மென்பொருளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அது தேடிக்கொள்ளும்.

அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டார். “இது என்னா?”

“சாமி அறை, அண்ணே.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அப்ப மாதாவையும் அங்கயே வையி. அந்தப் பேய்ங்க பக்கத்துல அவங்க எதுக்கு?” என்றார். அன்றிலிருந்து மாரியம்மனும் மாதாவும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. சிரிக்காதீர்கள். மாதத்தில் மூன்று நாள், நான் வீட்டுக்குத் தூரமாக இருக்கும்போது, அந்த ஃபோல்டரைத் திறக்கமாட்டேன். கம்ப்யூட்டருக்கு ஏது தீட்டு என்று என் மகளே கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அம்மா வளர்த்த வளர்ப்பு, கை போகாது. அண்ணனிடம் நான் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. ஆனால் அந்த மூன்று நாளும் என் மேசைக்கு கிச்சன் கேபினட் வேலைதான் வரும். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் மெர்போக் பக்கம் ஒரு தோட்டம் கைமாறி, தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, கட்டப் போனார்கள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்ற வேண்டும். நிலம் தருகிறோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் வரைபடத்தில் கோயிலுக்குக் குறித்திருந்த இடம் கடைசி மூலையில், கழிவுநீர்க் குளத்தை ஒட்டி. முகப்பில் ஒரு காலி இடம் இருந்தது. அதைக் கேட்டதற்கு, “முன்னால தகரக் கொட்டாய் நின்னா வீடு யாரு வாங்குவா?” என்று சொல்லிவிட்டார்களாம்.

கோயில் தலைவர் காளிமுத்து அண்ணன், பழைய லோரி டிரைவர், ஆறடி ஆள், எங்கள் கடைப் படிக்கட்டில் தலையைக் குனிந்து ஏறி வந்தார். “தங்கச்சி, செவ்வாக்கெழம காலையில பத்து மணிக்குக் கம்பெனி ஆபீசுல பேச்சு. புதன்கெழம அவங்க வரைபடம் அச்சுக்குப் போவுது. அச்சடிச்சிட்டா அப்பறம் மாத்த மாட்டாங்க. கோயிலு இப்படித்தான் இருக்கும், இதான் எங்க அம்மான்னு காட்டணும். கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. சாக்கடை ஓரத்துல எங்க அம்மாள ஒக்கார வைக்க முடியாதும்மா” என்றார்.

இரண்டு மாதம் உழைத்தேன். கோபுரம் சுலபம். முகம்தான் பெரிய வேலை. அந்த அம்மனின் மூலச் சிலை பழசு. தேய்ந்த கல். எப்போதும் சந்தனக் காப்புக்குள் இருப்பதால் யாரும் வெறும் முகத்தைப் படம் எடுத்ததில்லை. ஓர் அபிஷேகத்தின்போது பூசாரி ஐயா அனுமதி கொடுத்து, நான் எடுத்தேன். அதை வைத்து, பொம்மையின் வழவழ முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அமுக்கி, அந்த அம்மன் முகத்தைக் கொண்டுவந்து சாமி அறையில் சேமித்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “சரி” என்றார். அதன் பிறகு பாலாலயம் செய்து, அம்மனின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, சிலையைத் துணி சுற்றி மூடிவிட்டார்கள். இனிப் புதுக் கோயில் கும்பாபிஷேகம் வரை திறக்கக்கூடாது.

பேச்சுக்கு முந்தின வாரம் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. ஆரோக்கியம் அண்ணன் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஈப்போ புறப்பட்டுக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, “மொதப் பக்கத்துலேருந்து ஒண்ணொண்ணா கையால ஏத்து. ஒரு வாரம் ஆவும், ஆவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறியிருக்கமாட்டார். நான் இன்ஸ்டால் மேனேஜரை இறக்கிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. டிக், டிக், டிக் என்று எல்லாவற்றுக்கும் போட்டேன். கீழே போய் ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டேன். மேலே வந்தால் பாதி முடிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாம் முடிந்தது என்று அதுவே சொல்லிற்று. ஒரு வார வேலை ஒன்றரை நாளில். நான் செய்த வேலைகளின் கோப்புகளையும் புதிதில் போட்டேன். சாமி அறை மட்டும் பாக்கி. நான் அந்த மூன்று நாளில் இருந்தேன். வீடு மாறும்போது சாமி படத்தை லோரியில் ஏற்றுவோமா? தலைக்குக் குளித்து, தனியாகக் கையில் எடுத்துப் போவோம். அதே மாதிரி, சனிக்கிழமை குளித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த தெரு கம்ப்யூட்டர் கடைக்காரர் ஆ ஹோங் வந்து நின்றார். மேனேஜர் வேகத்தைப் பார்த்து, பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நான்தான் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். சனிக்கிழமைதான் வரவேண்டியவர், வேன் இந்தப் பக்கம் வந்ததால் வந்துவிட்டாராம். எனக்கோ மேனேஜர் வேலையை முடித்த பூரிப்பு. “எடுத்துக்கிட்டுப் போங்க லா” என்று சொல்லிவிட்டேன். சாமி ஞாபகமே வரவில்லை. மேனேஜரின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சை டிக் இருந்தது. அந்த மேனேஜருக்குத் தன் கடையில் வாங்கியது மட்டும்தான் தெரியும் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காளிமுத்து அண்ணனும் பூசாரி ஐயாவும் படத்தைப் பார்க்க வந்தார்கள். ஈப்போவிலிருந்து திரும்பிய அண்ணனும் இருந்தார். பெரிய டிவியில் மாட்டி, கோப்பைத் திறந்தேன். ஏதேதோ கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி நீளமாக எழுந்தது. நான் படிக்கிற ஆளா? ஓகே கொடுத்துவிட்டேன்.

கோபுரம் வந்தது. படிக்கட்டு வந்தது. கருவறையில் அம்மன் இருக்க வேண்டிய இடத்தில், மொட்டைத் தலையோடு, வழவழ முகத்தோடு, உடம்பில் ஒரு துணி இல்லாமல் கடைப் பொம்மை நின்றது.

என் துப்பட்டாவை உருவி டிவி மேல் எறிந்தேன். காளிமுத்து அண்ணன்தான் முதலில் பேசினார். “என்னாம்மா இது? அம்மாள அழைச்சிக்கிட்டு வாம்மான்னா, துணிக்கடை பொம்மைய அழைச்சிக்கிட்டு வந்திருக்க?”

ஆ ஹோங்குக்குப் போன் செய்தேன். “சுடா ஃபார்மேட் லா, காக்” என்றார். எல்லாம் அழித்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள்கூட இல்லை. சாக்கடை ஓரத்தில் அந்தக் கோயில் நிற்கப் போவது என் ஒருத்தியால்தான் என்று அப்போது தெரிந்தது.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். மேனேஜரைப் போட்டேன் என்றேன். ஏன் சாமியை எடுக்கவில்லை என்று அவர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து டிஸ்க்குகளை எடுத்தார். நோட்டுப் புத்தகத்தை விரித்தார். “படி” என்றார்.

ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. அவர் டிஸ்க்கைப் போடுவார், நான் ரீட்மீயைச் சத்தமாகப் படிப்பேன், புத்தகத்தில் எழுதியிருக்கிற இடத்தில் வைப்பேன். சேலை வந்தது. கிரீடம் வந்தது. சூலம், ஒட்டியாணம், எலுமிச்சை மாலை. சாயங்காலத்துக்குள் அம்மன் உடுத்தி, அலங்காரத்தோடு நின்றாள். முகம் மட்டும் பொம்மை முகம்.

“முகம் எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?” என்றார் அண்ணன்.

“எழுதலண்ணே. நான் செஞ்சதுதானே. அத எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்.”

“செஞ்சவ பேரு இல்லாத சரக்கு” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முடித்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. நிறுத்தியதுதான் வலித்தது.

நான் எடுத்த புகைப்படங்களும் பழைய மெஷினோடு போய்விட்டன. சிலையை ஒரு நிமிஷம் திறக்கலாமா என்று பூசாரி ஐயாவைப் போனில் கேட்டேன். “மூடுனது மூடுனதுதாம்மா” என்றார். பிறகு, “நாளைக்குக் காலையில நான் வரேன். முப்பது வருசமா வாராவாரம் சந்தனம் சாத்துற மொகம். கண்ணுக்குத் தெரியுதோ இல்லையோ, கைக்குத் தெரியும்” என்றார்.

திங்கட்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. “அந்தக் கன்னம் இப்படி இல்லம்மா” என்பார். எப்படி என்றால் கையை ஆட்டுவார். ஆரோக்கியம் அண்ணன் எழுந்து கீழே போய், ரொட்டி சானாய்க் கடையில் ஒரு பெரிய மாவு உருண்டை வாங்கி வந்தார். அது எண்ணெய் மாவு. வைத்தால் சரிந்தது. மறுபடி போய்க் கோதுமை மாவு வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே கெட்டியாகப் பிசைந்தார். வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்ட மனுஷன், மாரியம்மன் முகத்துக்கு மாவு பிசைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பூசாரி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். சந்தனம் சாத்துகிற அதே வாக்கில் மாவின் மேல் கை போயிற்று. “நெத்தி இப்படி எறங்கும். மூக்கு நுனி தேஞ்சிருக்கும், எடது பக்கம் கொஞ்சம் கூடுதலா. தாடை சின்னது, சின்னப் புள்ள மாதிரி.” நான் மாவைப் பார்த்துப் பார்த்துத் திரையில் இழுத்தேன். வலது கன்னத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. “இங்க கட்டவெரல் வச்சா அப்படியே ஒக்காரும்மா. எனக்கு முந்தி எங்கப்பா, அவருக்கு முந்தி தாத்தா. எல்லாரும் இங்க வச்சித்தான் சந்தனத்த இழுப்போம். குழி விழுந்து போச்சு” என்று மாவில் கட்டைவிரலைப் பதித்தார்.

இரண்டு மாதம் போட்டோவைப் பார்த்துச் செய்தபோது அந்தக் குழியை நான் நிழல் என்று நினைத்திருந்தேன். அது விரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, ஐயா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நான் சேமித்தேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆபீசில் எங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கையில் வரைபடம், கண் கடிகாரத்தில். நான் படத்தை ஓடவிட்டேன். தாமான் முகப்பு, மரங்கள், கோபுரம், படிக்கட்டு, உள்ளே அம்மன். முகம் திரை முழுக்க நின்றதும் காளிமுத்து அண்ணன், என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வந்தவர், எல்லாவற்றையும் மறந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். “தாயே” என்றார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது.

அந்தப் பெண்மணி திரையைப் பார்த்தார். அந்த ஆறடி ஆளைப் பார்த்தார். வரைபடத்தைத் திருப்பி, முகப்பில் இருந்த காலி இடத்தில் பேனாவை வைத்து, “பெராப்பா காக்கி?” என்றார். எத்தனை அடி வேண்டும் என்று கேட்கிறார். காளிமுத்து அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. ஆரோக்கியம் அண்ணன்தான் பதில் சொன்னார்.

கடைக்குத் திரும்பினோம். இன்றைக்கு என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாதித் தேநீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, “கிச்சன் கேபினட் பாக்கி இருக்கு” என்றார். மறு வாரம், “ஒன் மேனேஜர் இருக்கட்டும். நல்லாத்தான் வேலை செய்யிறாரு. ஆனா அவருக்கு நம்ம சாமியத் தெரியாது. அத நான் பாத்துக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் சாமி ஃபோல்டரை ஒரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது அவர் வேலை.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் சிலையைத் திறந்து எண்ணெய்க் காப்பு நடந்தது. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அம்மனைத் தொட்டு எண்ணெய் சாத்தலாம். நான் வலது கன்னத்தில் கட்டைவிரலை வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது. படத்தில் நான் வைத்த குழி அரை விரல் கீழே. அதை அண்ணனிடம் சொன்னேன். “ம்” என்றார்.

மூன்று வருஷம் முன்னால் அவர் போய்விட்டார். தஞ்சோங் டாவாயில் அடக்கம். அந்த வெள்ளிக்கிழமைத் தப்பை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கண்ணாடியைத் துடைத்திருப்பார், எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் கேட்டிருக்கலாம். அது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இவ்வளவையும் அந்த அரை மணி நேரத்தில் நினைத்து முடித்து, குழம்பை இறக்கிவிட்டுக் கவிதாவைக் கூப்பிட்டேன். “அந்த ஃபோல்டருக்குள்ள போ. ‘அம்மன் முகம்’னு ஒண்ணு இருக்கா?”

“இருக்குக்கா. கூடவே ஒரு ரீட்மீ இருக்கு.”

“ரீட்மீயா? நான் எழுதலையே.”

மென்பொருளுக்குள்ளிருந்து முகத்தைத் திறக்கிறவளுக்குப் பக்கத்தில் கிடக்கும் எழுத்துக் கோப்பு கண்ணில் படாது. பட்டிருந்தாலும் நான் எங்கே படித்திருக்கப் போகிறேன். “சத்தமா படி” என்றேன்.

கவிதா படித்தாள். “பொருள், மாரியம்மன் முகம். செய்தவர், லெட்சுமி. உதவி, பூசாரி ஐயா கட்டைவிரல். இடம், சாமி அறை. இதை எந்த மேனேஜரும் வைக்கவில்லை. முதலில் செய்தது தொலைந்தது நல்லதுக்குத்தான். இது அதைவிட நன்றாக இருக்கிறது. குழி அரை விரல் கீழே இருக்கிறது என்று அவள் சொன்னாள், அப்படியே இருக்கட்டும். அழிப்பதாக இருந்தால் லெட்சுமியைக் கேட்டுவிட்டு அழிக்கவும். ஆரோக்கியம்.”

நான் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா? அதான் கேக்கச் சொல்லியிருக்காரே, கேக்குறேன். அழிச்சிடவா?”

“வேணாம்மா” என்றேன். “மேனேஜர்ல போடாத. நீயும் தொடாத. நாளைக்குக் காலையில தலைக்குக் குளிச்சிட்டு வரேன். புது மெஷினுக்கு நானே கையால எடுத்து வைக்கிறேன்.”

“நாளைக்கே முடியுமாக்கா?”

முடியும். இந்த வயசில் எனக்கு இனி நாள் பார்க்க வேண்டியது இல்லை.